மேல்காற்று மோசம், கீழ்க்காற்றே நலம்

ஒரு காட்டில் சிங்கம் பதவி நெடுங்காலமாகக் காலியாகக் கிடந்தது. கடலோரக் காடு அது. பாதி சவுக்கு, பாதி பனை, மிச்சமெல்லாம் சேறு. உப்புக்காற்றில் பிடரி பிசுபிசுக்கும் என்று எந்தச் சிங்கமும் அங்கே மாறுதலாகி வர ஒப்பவில்லை. ஆகவே ஏகாம்பரம் என்ற நரி அந்தப் பதவியைக் கூடுதல் பொறுப்பாகப் பார்த்துவந்தார். தம்மைப் 'பொறுப்புச் சிங்கம்' என்றே அழைக்க வேண்டும் என்பது அவர் போட்ட முதல் உத்தரவு. நீண்ட காலத்துக்கு வேறு உத்தரவு தேவைப்படவில்லை.

அதே காட்டில் தணிகாசலம் என்றோர் ஓணான் நிருபராக இருந்தது. நிருபர் என்பதால் இனி 'அவர்' என்றே சொல்லிவிடலாம். அதற்கு மேல் மரியாதை எதுவும் இந்தக் கதையில் அவருக்குக் கிடைக்கப் போவதில்லை. விடிந்ததும் ஆலமரத்தடிப் பலகையில் ஒட்டப்படும் 'அலைவாய்ச் செய்தி' என்ற இதழில் அவருக்குக் காற்று, மழை, இரங்கல் ஆகிய துறைகள். இரங்கல் செய்தியில் ஒவ்வொரு முறையும் பெயரையாவது மாற்ற வேண்டியிருந்தது. காற்றுக்கு அந்தத் தொல்லையும் இல்லை. "கடலோரப் பகுதிகளில் காற்று மிதமாக வீசும்" என்று இளமையில் எழுதிய ஒரு வரி அவரிடம் இருந்தது. புயல் அடித்த அன்றும் அதுதான் வெளியானது. பலகை பறந்துபோய்விட்டதால் யாரும் படிக்கவில்லை. வாசகர் கடிதமும் வரவில்லை.

அவருடைய பலம் கழுத்து. யார் எதைச் சொன்னாலும் அது மேலும் கீழும் ஆடும். பிறவி அமைப்பு அப்படி. ஆனால் பேசுகிறவர்கள், ஆகா, நம்மைப் புரிந்துகொள்ள ஒருவர் கிடைத்தார் என்று நினைத்து, சொல்லக் கூடாததையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள். காட்டின் முக்கியச் செய்திகள் எல்லாம் இப்படிக் கிடைத்தவைதான். ஒருமுறை புதிய நிருபர்களுக்கு வகுப்பெடுக்கக் கூப்பிட்டார்கள். போய்க் கொஞ்ச நேரம் தலையாட்டிவிட்டு இறங்கினார். நல்ல வரவேற்பு.

அவர் குடியிருந்த பனைமரத்தின் கொண்டையில் பூங்காவனம் என்ற அணில், மகள் செவந்தியோடு இருந்தாள். குழந்தைக்கு இளைப்பு. புகை பட்டால் நெஞ்சுக்குள் கீச்சுக் கீச்சென்று சத்தம் வரும். அணில் என்றாலே கீச்சுச் சத்தம்தானே என்று வைத்தியர் முதலில் நம்ப மறுத்தார்.

மார்கழி பிறந்து காலை நேரங்களில் காட்டுக்குள் புகை அடைய ஆரம்பித்ததும், பூங்காவனம் மரத்தில் பாதி தூரம் இறங்கிவந்து நிருபரைப் பிடித்தாள்.

"அண்ணே, கீழே புகை மண்டிக் கெடக்குது பாத்தீங்களா? நாங்க உச்சியில இருக்கிறதால தப்பிச்சோம். போன வாரம் எங்க பெரியம்மா வீட்டுல, புதருக்குள்ள ஒரு ராத்திரி தங்கினோம். விடியறதுக்குள்ள இவளுக்கு மூச்சு நின்னு நின்னு வருது. எங்கேருந்து வருதுன்னு விசாரிச்சு ஒரு வரி எழுதக் கூடாதா?"

தணிகாசலம் தலையாட்டினார். பிறகு, "ஆனா காற்றுமானி பச்சைதானே காட்டுது?" என்றார்.

காற்றுமானி என்பது கடற்கரையில் ஒரு கம்பத்தின் உச்சியில் நின்ற கருவி. காற்று நன்றாக இருந்தால் பச்சை விளக்கு, கெட்டால் சிவப்பு. பொறுப்புச் சிங்கம் தினமும் பிற்பகல் தேநீரை முடித்துக்கொண்டு காற்று வாங்கக் கடற்கரைக்குப் போவார். அப்படியே அண்ணாந்து பார்த்து, பச்சை என்று சொல்லிவிட்டு வருவார்.

"கடலோரத்துல, கடல்காத்து அடிக்கிற நேரத்துல பாத்தா பச்சையாத்தான் இருக்கும். அந்த நேரத்துல அங்கே எருமையை நிக்க வெச்சாக்கூடப் பச்சையாத்தான் தெரியும்" என்றாள் பூங்காவனம்.

எருமைகளைப் பற்றி இப்படி எழுதினால் பிரச்சினை வரும் என்று தணிகாசலம் மனத்துக்குள் குறித்துக்கொண்டார். ஆனாலும் செவந்தி அம்மாவின் முதுகில் ஒட்டிக்கொண்டு அவரையே பார்த்தது. அவருக்கு என்னவோ போல் இருந்தது. விசாரிக்கப் போனார்.

நிபுணர் ஒருவர் அப்போது ஊரில் இருந்தார். முனைவர் சமுத்திரவல்லி என்ற கடலாமை. ஆண்டுக்கு ஒருமுறை முட்டையிட மட்டும் கரைக்கு வருவார். மற்ற நாளெல்லாம் கடல் கடந்த ஆராய்ச்சி. தணிகாசலம் போனபோது அவர் வேலை முடிந்து தண்ணீரை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தார். ஆமை என்பதால் பேட்டிக்குப் போதுமான நேரம் கிடைத்தது.

"ரொம்ப சுலபம்" என்றார் சமுத்திரவல்லி, நடந்துகொண்டே. "பகல்ல வெயில் பட்டு மண் சுடுது. மண்ணு மேல இருக்கிற காத்து சூடாகி எழும்புது. அந்த இடத்தை நிரப்பக் கடல்லேருந்து காத்து வருது. அது கீழ்க்காற்று. சுத்தமானது. காட்டுல இருக்கிற புகையைத் தள்ளிக்கிட்டே போகும். ஆனா அந்தப் பக்கம் ரெண்டு குன்று நிக்குதில்ல? அங்கே போய்த் தேங்கிடும்."

தணிகாசலம் தலையாட்டினார்.

"ராத்திரி மண் சட்டுனு குளிர்ந்திடும். கடல் அவ்வளவு சீக்கிரம் குளிராது. அதனால காத்து திசை மாறும். இப்ப வர்றது மேல்காற்று. குன்றடியில தேங்கின புகை, அங்கே இருக்கிற குப்பைமேட்டுப் புகை, எல்லாத்தையும் வாரிக்கிட்டுக் காட்டுக்குள்ள வரும். மத்த மாசத்துல பரவாயில்லை, கலைஞ்சிடும். மழைக்காலத்துல கழுவியே போயிடும். மார்கழி தையில தரையோட இருக்கிற காத்து குளிர்ந்து கனத்து உட்கார்ந்துடும். அதுக்கு மேல கொஞ்சம் சூடான காத்து, சட்டிக்குப் போட்ட மூடி மாதிரி. புகை எங்கே போகும்? பாவம், அதுவும் வெயில் வர்ற வரைக்கும் இங்கேயேதான் கெடக்கணும்."

"இதுக்கு வழி?"

"கடலை நகர்த்த முடியாது. குன்றையும் நகர்த்த முடியாது. மேட்டை அணைக்கலாம்" என்று சொல்லிவிட்டு சமுத்திரவல்லி அலைக்குள் இறங்கினார். இனி அடுத்த ஆண்டுதான்.

குப்பைமேடு என்பது காட்டுக்கும் குன்றுகளுக்கும் நடுவே இருந்தது. காட்டுக் கழிவெல்லாம் அங்கேதான் கொட்டப்படும். பொறுப்புச் சிங்கத்தின் மைத்துனர்கள் அதைப் பராமரித்தார்கள். அது எப்போதும் புகைந்துகொண்டிருக்கும். 'மேடு எரியவில்லை, கனல்கிறது' என்பது அதிகாரபூர்வ நிலைப்பாடு.

தணிகாசலம் அன்று உட்கார்ந்து, பல ஆண்டுகளில் முதல்முறையாக, ஒரு முழுச் செய்தி எழுதினார். குப்பைமேட்டைப் பற்றிய பத்தியைக் கடைசியில் வைத்தார். துணிச்சலான விஷயங்களைக் கடைசியில் வைப்பது அவர் பழக்கம். அங்கே யாரும் படித்துக் கோபித்துக்கொள்வதில்லை. தலைப்புக்கு மட்டும் நெடுநேரம் யோசித்தார். மேற்கு, கிழக்கு என்று போட்டால் எல்லைத் தகராறுச் செய்தி மாதிரி இருந்தது. கடலோரத்தில் மேற்கேயிருந்து வருவதை மேல்காற்று என்பார்கள், கிழக்கேயிருந்து வருவதைக் கீழ்க்காற்று என்பார்கள். அதில் ஒரு கரைமணல் வாசனை இருந்தது. எழுதினார்: 'மேல்காற்று மோசம், கீழ்க்காற்றே நலம்: கடல் நிபுணர் தகவல்.' எழுதிவிட்டு இரண்டு முறை சத்தமாகப் படித்துப் பார்த்தார். ஓசை உதைக்கவில்லை. திருப்தியாகத் தூங்கினார்.

ஆசிரியர் ஜம்புலிங்கம் ஓர் ஆந்தை; இரவுப் பதிப்புக்கென்றே பிறந்தவர். பொறுப்புச் சிங்கத்தின் ஒன்றுவிட்ட மாமியார் காலமான இரங்கல் செய்தி கடைசி நேரத்தில் வந்ததால், இடம் பற்றாமல் காற்றுச் செய்தியின் கடைசிப் பத்தியை வெட்டினார். இரங்கல் செய்தியும் தணிகாசலம் எழுதியதுதான். தாராளமாக எழுதியிருந்தார்.

மறுநாள் காலையிலேயே பொறுப்புச் சிங்கத்திடமிருந்து அழைப்பு வந்தது.

"என்ன தணிகாசலம், மேலே இருக்கிறவங்க மோசம்னு எழுதியிருக்கீங்களாம்?" என்றார் ஏகாம்பரம்.

"ஐயா, அது காத்து."

"காத்தா?" ஏகாம்பரம் எதிரில் கிடந்த பிரதியை எடுத்துப் படித்தார். முகம் தெளிந்தது. "அதானே. நீங்க எழுதினீங்கன்னதும் எனக்கே நம்ப முடியலை. சரி, விஷயத்துக்கு வருவோம். மேலே இருக்கிற காத்து மோசம். கீழே இருக்கிற காத்து நல்லது. அப்படித்தானே நிபுணர் சொல்றாங்க?"

இல்லை ஐயா, மேல் என்றால் மேற்கு என்று சொல்லத்தான் தணிகாசலம் வாயைத் திறந்தார். ஆனால் ஏகாம்பரம் கேட்டு முடிக்கும்போதே கழுத்து மேலும் கீழும் போய்வந்துவிட்டது. வாய் அதற்குப் பின்னால் வந்தது. தாமதமாக வந்தவர்களை அந்த அறையில் கவனிப்பதில்லை.

"நிருபரே ஒத்துக்கிட்டார்" என்று ஏகாம்பரம் உதவியாளரிடம் சொன்னார். "மரத்து மேல குடியிருக்கிறவங்கதான் பாவம், கெட்ட காத்தைச் சுவாசிக்கிறாங்க. இன்னிக்கே எல்லாரையும் தரைக்கு இறக்கிடுவோம்."

உத்தரவு ஆலமரத்தில் ஒட்டப்பட்டது. இதனால் பொறுப்புச் சிங்கத்துக்குத் தனிப்பட்ட ஆதாயம் எதுவும் இல்லை என்று அதில் ஒரு வரி இருந்தது. அணிலும் மைனாவும் புறாவும் தரையில் படுத்தால் ஒரு நரிக்கு என்ன ஆதாயம் என்று அதுவரை யாரும் யோசித்திருக்கவில்லை. அதற்கப்புறம் எல்லோரும் யோசித்தார்கள்.

ஆனாலும் இறங்கினார்கள். தரையில் இடம் ஒதுக்க டோக்கன் கொடுத்தார்கள். வரிசை சவுக்குத்தோப்பைச் சுற்றி வளைந்து, தன் வாலிலேயே வந்து முட்டியது. குரங்குகள் பாதியில் நுழைந்தன. மீண்டும் யாரும் ஏறிவிடாமலிருக்க ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு கீரி காவலுக்கு நின்றது. பூங்காவனத்துக்குச் சேற்றோரம் ஒரு தாழம்புதர் கிடைத்தது.

விடிந்தபோது பனியும் புகையும் கலந்து தரையோடு தரையாகப் படர்ந்து கிடந்தது. நின்றிருந்த எருமையின் கால்கள் தெரியவில்லை. உடம்பு மட்டும் மிதப்பது போல் இருந்தது. அந்தப் புகைக்குள் தட்டித் தடவிப் பூங்காவனம் தணிகாசலத்தைத் தேடி வந்தாள். அவரும் தரையில்தான் இருமிக்கொண்டிருந்தார். செவந்தியின் விலா உள்ளே இழுத்து இழுத்து வெளியே வந்தது.

"நீங்க தலையாட்டினீங்களாமே" என்றாள்.

"அது பிறவிப் பழக்கம், பூங்காவனம்."

"எம்பொண்ணு மூச்சு விடுறதும் பிறவிப் பழக்கம்தான் அண்ணே. அதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

ராத்திரி காற்று திரும்புவது முதல் ஆமை சொன்னதையெல்லாம் அவர் விளக்கினார். மேல் என்றால் மேற்கு, கீழ் என்றால் கிழக்கு, உயரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொன்னார். பூங்காவனம் முழுவதையும் கேட்டாள்.

"அப்போ மேக்குன்னே எழுதித் தொலைச்சிருக்கலாமே."

"இதழுக்குன்னு ஒரு நடை இருக்கு."

"நல்லா நடந்துது" என்றாள் பூங்காவனம். "மரத்துல ஏறலாம்னா அந்தக் கீரி விடமாட்டேங்குது. இன்னும் ரெண்டு ராத்திரி இவ தாங்க மாட்டா. நீங்க எழுதிக் கெடுத்தது, நீங்களே எழுதிச் சரி பண்ணுங்க."

தணிகாசலம் ஆசிரியரிடம் ஓடினார். ஜம்புலிங்கம் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"திருத்தம் போடுறது நம்ம வழக்கமில்லை தணிகாசலம். திருத்தம் போட்டா, முன்னாடி ஒரு தப்பு இருந்ததுன்னு தெரிஞ்சிடும்."

நெடுநேரம் மன்றாடிய பிறகு, 'தெளிவுரை' என்ற பெயரில், இரங்கலுக்குக் கீழே, எறும்பு மட்டும் படிக்கக்கூடிய எழுத்தில் இரண்டு வரி போட ஒப்புக்கொண்டார். "முந்தைய காற்றுச் செய்தியில் மேல் என்பது மேற்கையும், கீழ் என்பது கிழக்கையும் குறிக்கும். வாசகர்கள் அவ்வாறே படித்துக்கொள்ளவும்."

எறும்புதான் படித்தது. அது போய்ப் பொறுப்புச் சிங்கத்திடம் சொன்னது.

ஏகாம்பரத்தின் சுறுசுறுப்பைக் குறை சொல்ல முடியாது. மதியத்துக்குள் புதிய உத்தரவு வந்துவிட்டது. மேற்கே இருப்பது மோசம், கிழக்கே இருப்பது நலம் என்று நிபுணர் தெளிவுபடுத்திவிட்டதால், எல்லோரும் உடனே கிழக்கே போக வேண்டும். கிழக்கே கடற்கரை. அதற்கப்பால் கடல். 'கடல்வரை மட்டும்' என்று கடைசியில் சேர்த்திருந்தார்கள். அந்த அளவுக்கு யோசித்திருந்தார்கள்.

தணிகாசலம் அந்த உத்தரவை மூன்று முறை படித்தார். தன் ஒரு சொல்லைத் திருத்த, ஒரு காடே மூட்டை கட்டிக்கொண்டு போவதைப் பார்த்தார். எழுத்துக்கு இவ்வளவு சக்தி உண்டென்று அவருக்கு அதுவரை தெரியாது.

மாலையில் எல்லோரும் போய்ச் சேர்ந்தபோது கடற்காற்று சிலுசிலுவென்று வீசியது. யாரோ சுண்டல் கொண்டுவந்திருந்தார்கள். செவந்தி மணலில் எழுந்து உட்கார்ந்து இரண்டு கடலை தின்றது. பொறுப்புச் சிங்கம் வாழ்க என்று குரங்குகள் சத்தம் போட்டன. தணிகாசலத்துக்கே ஒரு கணம், பரவாயில்லை, தெரிந்தோ தெரியாமலோ நல்லதுதான் நடந்திருக்கிறது என்று தோன்றியது.

"ராத்திரி காத்து திரும்பும்னு ஆமை சொல்லிச்சுன்னீங்களே" என்றாள் பூங்காவனம்.

அவர் அதை மறந்துவிட்டிருந்தார். பேட்டி எடுத்தவருக்குப் பேட்டி ஞாபகம் இருக்க வேண்டும் என்று எந்த இதழும் எதிர்பார்ப்பதில்லை.

காற்று திரும்பியது. குன்றடியில் தேங்கியிருந்ததும் மேட்டில் கனன்றதுமாகச் சேர்ந்த புகை காடு முழுக்க ஊர்ந்து, கிழக்கு வெளுக்கும் நேரத்தில் கடற்கரைக்கு வந்து சேர்ந்தது. ஏறித் தப்ப அங்கே ஒரு மரமும் இல்லை. இருமல் சத்தத்தில் அலைச் சத்தம் கேட்கவில்லை. அப்போதுதான் ஒரு மைனா அண்ணாந்து பார்த்தது.

காற்றுமானி சிவந்திருந்தது.

மார்கழி விடியலில் அது எப்போதுமே சிவப்பாகத்தான் எரிந்திருக்கிறது. அந்த நேரத்தில் அங்கே போய்ப் பார்த்தவர்தான் யாருமில்லை. இப்போது காடே கம்பத்தடியில் நின்று பார்த்தது.

"ரிப்பேரா இருக்கும்" என்றது எருமை.

பூங்காவனம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்தை விலக்கி வந்தாள். செவந்தியின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கீச்சுச் சத்தம்கூட இப்போது வரவில்லை.

"அண்ணே" என்றாள். "எல்லாரும் இருக்காங்க. விளக்கும் எரியுது. மேட்டுப் புகைதான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அதை அணைக்கட்டும், இல்லை எங்களை மேல ஏற விடட்டும்."

தணிகாசலம் கம்பத்தின்மீது ஏறினார். வாழ்க்கையில் முதல்முறையாக, அடுத்த வரி என்ன என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

ஏகாம்பரம் முந்திக்கொண்டார். "நிருபர் மேலயே இருக்கார், அவரையே கேட்டுடுவோம். நேத்துப் பிற்பகல் நான் பார்த்தப்போ விளக்கு பச்சை. அப்போ இங்கே கூட்டமில்லை. ராத்திரி முழுக்க இத்தனை பேர் ஒரே இடத்துல மூச்சு விட்டிருக்கோம். இப்போ சிவப்பு. ஆக, கூட்டத்தாலதான் காத்து கெட்டுப்போச்சு. சரிதானே தணிகாசலம்?"

இல்லை என்று காட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை. தணிகாசலம் நான்கு கால்களாலும் கம்பத்தை இறுகப் பிடித்துக்கொண்டு, உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் திரட்டி, தலையைப் பக்கவாட்டில் திருப்பப் பார்த்தார். கழுத்து நடுங்கியது. தொண்டை சிவந்தது. கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தது; புகைக்கு அதுவே நல்லதாகவும் இருந்தது. கழுத்து மெல்ல அசைந்தது. மேலே போனது. கீழே வந்தது.

"பாத்தீங்களா" என்றார் ஏகாம்பரம். "காரணம் தெரிஞ்சுபோச்சு. எல்லாரும் கலைஞ்சு அவங்கவங்க பழைய எடத்துக்கே போங்க. கூட்டம் கூடக் கூடாது. கீரிகளும் வீட்டுக்குப் போகலாம்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் பூங்காவனம் பாதி தூரம் ஓடியிருந்தாள்.

தணிகாசலம் பனைமரத்தடிக்கு வந்து சேர்ந்தபோது புகை இன்னும் தரையோடு கிடந்தது. அண்ணாந்தார். பனங்கொண்டை அதற்கெல்லாம் மேலே, வெயிலில் நின்றது. சத்தமில்லை. அவர் ஏறவும் துணியாமல், போகவும் மனமில்லாமல் நின்றார். நெடுநேரம் கழித்து மேலிருந்து ஒரு கீச்சு வந்தது. பிறகு இன்னொன்று. இளைப்பா, பேச்சா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். பேச்சுதான். அந்தச் சுண்டலில் இன்னும் மிச்சமிருக்கிறதா என்று கேட்டுக் குழந்தை அடம்பிடித்துக்கொண்டிருந்தது.

வெயில் ஏறிய பிறகு கடற்காற்று வந்தது. காற்றுமானி பச்சைக்கு மாறியது. கூட்டத்தைக் கலைத்த நடவடிக்கைக்குக் கைமேல் பலன் என்று அறிவித்தார்கள். காலை நேரத்தில் பனி பட்டுக் கருவி கெட்டுவிடாமலிருக்க, இனி விடியும்வரையும், விடிந்து சற்று நேரம்வரையும் அதன்மேல் கோணி போர்த்தப்படும் என்றும் அறிவித்தார்கள். மேடு கனன்றது.

மாலையில் பூங்காவனம் மரத்தில் பாதி தூரம் இறங்கிவந்தாள்.

"ஏன் அண்ணே, உங்களுக்குத் தலை பக்கவாட்டுல ஆடவே ஆடாதா?"

"இன்னிக்கு ரொம்ப முயற்சி பண்ணேன் பூங்காவனம். வரலை."

"நல்லவேளை" என்றாள்.

அன்றிரவே தணிகாசலம் நடந்ததை எல்லாம் எழுதினார். இம்முறை மேற்கு என்றே எழுதினார். குப்பைமேட்டை மட்டும், பழக்கதோஷத்தில், கடைசிப் பத்தியில் வைத்தார். இரவில் ஒரு வயதான கொக்கு இறந்துபோனது. இதழில் இடம் பற்றவில்லை. காற்றைப் பற்றி ஒரே ஒரு வரிக்குத்தான் இடம் இருக்கிறது என்று ஆசிரியர் சொல்லியனுப்பினார். அந்த அளவில் தணிகாசலத்திடம் ஒரு வரி தயாராகவே இருந்தது.

நீதி: ஒரு தவறைச் சரிசெய்ய இன்னும் இரண்டு தவறுகள் வேண்டும். பொறுமையாக இருந்தால் அவற்றை மேலிடமே செய்துகொடுத்துவிடும். நடுவில் புகுந்து உண்மையைச் சொல்லிக் காரியத்தைக் கெடுக்க வேண்டாம்.